செவ்வாய்க்கிழமைத் தாள்

அத்தியாயம் 12

போன வாரம் சாப்பாட்டு மேஜையிலிருந்து மாமியார் ஒரு பக்கமும் மருமகள் ஒரு பக்கமுமாக எழுந்து போனார்கள் அல்லவா? இன்னும் அவர்கள் திரும்பி வந்து ஒன்றாக உட்காரவில்லை. மூன்று நாளாக அந்த வீடு "சாவி", "குடை", "கேஸ் தீர்ந்துடுச்சு" என்று ஒற்றைச் சொல்லில் ஓடிக்கொண்டிருக்கிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதுபோல மாட்டிக்கொண்ட மகன், வெளியூர் வேலை என்று பையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டான்.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று பஸ் டிரைவரான மாமனார் சமாதானம் பேசிப் பார்த்தார். அவருக்கென்ன, ஸ்டியரிங்கைத் திருப்பினால் பஸ் திரும்பிவிடும். வாயைவிட்டுப் போன சொல் திரும்புமா?

"உங்கம்மா புண்ணு ஆறணும்னு பதினாலு பேர் முழங்கால்ல நிக்கறோம். பெத்த மகளுக்கு வாரத்துல அரைமணி நேரம் கிடைக்கலை" என்று மாமியார் கேட்டது கேட்டதுதான். "அந்த நேரத்துல நான் தியேட்டர்ல டேபிள் ரெடி பண்ணணும் அத்தை. ஜெபத்தை வீட்லயே பண்ணிட்டுத்தான் வர்றேன்" என்று மருமகள் திருப்பிக் கொடுத்ததும் கொடுத்ததுதான்.

இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரி. மருமகள் மூன்றாவது மாடியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். மாமியார் கீழ்த்தளத்தில். கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, துணியில் கட்டி, நீராவியில் வேகவைத்துக் கிருமி இல்லாமல் மேலே அனுப்பும் பிரிவுக்கு இருபத்தாறு வருடமாக அவள்தான் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஜெபக்கா என்றுதான் சொல்வார்கள். யாரோ கேலிக்கு வைத்த பெயர். அவள் அதை எடுத்துப் பதக்கமாகக் குத்திக்கொண்டாள்.

இன்று புதன்கிழமை. விடிந்ததிலிருந்து விடாத மழை. ஏழு மணிக்குத் துணி அடுக்கும் அறையில் வாராந்திர ஜெபம் தொடங்கியது. இரண்டு ஆயாக்கள், லிஃப்ட் இயக்குபவர், எக்ஸ்ரே எடுப்பவர், மருந்துக்கடைப் பெண், இன்னும் சிலர். பச்சைத் துணிக் கட்டுகளுக்கு நடுவில் முழங்காலிட்டு, தன் சம்பந்தியம்மாவின் வயிற்றில் ஆபரேஷன் செய்த புண் ஆற வேண்டும் என்று ஜெபக்கா கண்ணீரோடு கேட்டாள். அந்தக் கண்ணீரில் கலப்படம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு யாரும் அவளை வேஷக்காரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அவள் அங்கே முழங்காலில் இருந்தபோது அடுத்த அறையில் அவளுடைய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பீரோ அளவு இரும்புப் பெட்டி. தினமும் காலையில் அதற்குள் எதையும் வைப்பதற்கு முன், ஒரே ஒரு சோதனைத் தாளை மட்டும் வைத்துக் காலியாக ஓட்ட வேண்டும். தாள் மூலைக்கு மூலை கறுத்து வந்தால் நீராவி எல்லா இடத்துக்கும் போகிறது என்று அர்த்தம். நடுவில் வெளுப்பாக நின்றால் அன்று மெஷினைத் தொடக் கூடாது. கறுத்த தாளைப் பதிவேட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கருவிகள் அடுக்கிய முதல் ட்ரே உள்ளே போகும். இதற்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

எட்டரைக்குத் தியேட்டரில் ட்ரே இருக்க வேண்டும். ஏழு மணிக்கு ஜெபம் இருக்க வேண்டும். ஆறரைக்குச் சோதனை ஓட்டினால், தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய ஏழேகாலுக்கு அவள் ஜெபத்தில் இருப்பாள்; ஜெபம் முடிந்து ஓட்டினால் எட்டரைக்குள் ட்ரே வேகாது. அந்த முக்கால் மணி நேரம் எங்கே கிடைக்கும்?

ஜெபக்கா கண்டுபிடித்தாள். செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் மெஷினுக்குள் இரண்டு தாள்களை வைத்தாள். ஒன்றைச் செவ்வாய்க்கு ஒட்டினாள். இன்னொன்றை மேஜை டிராயருக்குள் வைத்திருந்து, புதன்கிழமை தேதியைப் போட்டு ஒட்டினாள். புதன்கிழமைகளில் மெஷின் சோதனை இல்லாமலே நேராக ட்ரேக்களை வாங்கிக்கொண்டது.

மெஷினை ஓட்டுகிறவனை எல்லோரும் மௌனசாமி என்பார்கள். நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவனே முதல் வாரம், "அக்கா, சோதனை?" என்று கேட்டான்.

"நேத்து நல்லா இருந்த மெஷின் ஒரே நாள்ல கெட்டாப் போயிடும்? வேதத்துல, பாலைவனத்துல வானத்துலேருந்து விழுந்த மன்னாவை ஓய்வுநாளுக்குன்னு ஆறாம் நாளே ரெண்டு மடங்கா சேர்த்து வச்சுக்கலையா? அது மாதிரின்னு நினைச்சுக்கோ" என்று சிரித்துவிட்டு, "ஜெபத்துக்கு மட்டும் வராதே, கேள்வி மட்டும் கேளு" என்று ஒரு குட்டும் வைத்தாள். அதன் பிறகு அவன் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைதான் சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். "வேலை ஸ்தலத்துல கர்த்தர் எனக்கு ஒரு வாசலைத் திறந்தார். நேரமே இல்லாத இடத்துல நேரத்தை உண்டாக்கித் தந்தார்." சபையே அல்லேலூயா சொன்னது.

எட்டேமுக்காலுக்குக் கீழ்த்தளத்து போன் அடித்தது.

"தியேட்டர்லேருந்து பேசறேன்." மருமகளின் குரல். அத்தை என்று கூப்பிடவில்லை. "முதல் ட்ரேயைத் திறந்தேன். துணி நனைஞ்சிருக்கு. உள்ள வச்ச பட்டை நிறம் மாறலை. ரெண்டாவதும் அப்படித்தான். பேஷண்டுக்கு மயக்க மருந்து குடுக்கற நேரத்துல நிறுத்தியிருக்கோம்."

"வெளிய டேப் மாறியிருந்ததே..." என்று இழுத்தாள் ஜெபக்கா. கட்டின் மேல் ஒட்டும் டேப், உள்ளே வைக்கும் பட்டை இரண்டுமே நீராவி பட்டால் நிறம் மாற வேண்டியவை.

"முதல் கேஸ் ட்ரேயை வெளிய டேப்பை மட்டும் பார்த்துத் திறக்கறவங்க இன்னைக்கு லீவு. நான் உள்ளேயும் பார்ப்பேன்." போன் வைக்கப்பட்டது.

பத்து நிமிடத்தில் மேட்ரன் கீழே வந்தார், கூடவே மெக்கானிக். மெக்கானிக் மெஷினின் குழாயைத் தொட்டுப் பார்த்தார், வடிகுழாயைத் திறந்து பார்த்தார், நனைந்த துணியை முகர்ந்தும் பார்த்தார்.

"மெஷின்ல கோளாறு இல்லை மேடம். ஜில்லுனு கிடந்த மெஷின்ல சரக்கைப் போட்டிருக்காங்க. காலைல காலியா ஓட்டறது சோதனைக்கு மட்டும் இல்லை. குழாய்ல நிக்கற தண்ணியை எல்லாம் அந்த ரவுண்டுதான் வெளிய தள்ளும். அது ஓடலைன்னா முதல் லோடுல நீராவிக்குப் பதிலா ஈரம்தான் போகும்."

ஜெபக்காவுக்கு இருபத்தாறு வருடத்தில் இது தெரியாது. சோதனை என்றால் சோதனை என்றுதான் நினைத்திருந்தாள். மெஷினைத் தயார் செய்கிற வேலையும் அதுதான் என்பது இப்போதுதான் காதில் விழுகிறது.

மேட்ரன் பதிவேட்டைத் திறந்தார். புதன்கிழமைக்கு எதிரே தாள் கறுகறுவென்று பழுதில்லாமல் ஒட்டியிருந்தது. கீழே ஜெபக்காவின் உருண்டை உருண்டையான கையெழுத்து.

"இதுல ஏதோ இடிக்குதே" என்றார் மெக்கானிக்.

மேட்ரன் மௌனசாமி பக்கம் திரும்பினார். "காலைல காலி ரவுண்ட் ஓட்டினியா?"

அவன் நிமிர்ந்து ஜெபக்காவைப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. தரையைத்தான் பார்த்தான். "எழுதியிருக்கே மேடம்."

"எழுதினது அக்கா. ஓட்டறது நீ. ஓட்டாமலே ஓட்டிட்டேன்னு அவங்ககிட்ட சொல்லி, ஏதோ பழைய தாளைக் கொடுத்து ஏமாத்தியிருக்கே, அதானே?"

அவன் கையுறையின் விரல் நுனியை இழுத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா பொய்யெழுத மாட்டாங்க. அது இந்த ஆஸ்பத்திரிக்கே தெரியும். மேலே என் ரூமுக்கு வந்து நடந்ததை எழுதிக் கொடு. நாளைலேருந்து வர வேண்டாம்."

இந்த இடத்தில் ஜெபக்கா வாயைத் திறந்திருக்க வேண்டும். வாசகர்களே, அவளும் அப்படித்தான் நினைத்தாள். நினைத்ததோடு சரி. அவன் கையுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, மேட்ரனுக்குப் பின்னால் படியேறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவன் ஜெபத்துக்கு வராமல் ஒவ்வொரு புதன்கிழமையும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றான் என்பதால்தான் அவள் முழங்காலில் நிற்க முடிந்தது. அது அவன் முதுகைப் பார்த்தபோதுதான் புத்தியில் உறைத்தது.

துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பழக்க தோஷம், முழங்கால் தானாக மடங்கியது. "ஆண்டவரே" என்று ஆரம்பித்தாள். அடுத்த வார்த்தை வரவில்லை. எத்தனையோ பேருக்கு வார்த்தை தேடிக் கொடுத்த வாய் அது. இன்று ஒன்றுமே வராமல் வெறும் மூச்சு மட்டும் வந்தது.

புதன்கிழமைகளை விரல்விட்டுப் பார்த்தாள். இன்றோடு ஒன்பது. இன்றிலிருந்து பின்னோக்கித் திரும்பவும் எண்ணியபோது ஐந்தாவது விரலில் கை அப்படியே நின்றுவிட்டது.

நாலு வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை. அன்றும் மழை. சம்பந்தியம்மா நனைந்த செருப்போடு வந்து, "உள்ள வரலாமா, தரை ஈரமாயிடுமே" என்று வாசலிலேயே தயங்கினாள். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். "சக்கரை இருக்கறவங்க, ரொம்ப நேரம் பட்டினி கிடக்க முடியாது, முதல் ஆளா எடுத்துக்கோங்க டாக்டர்" என்று சிபாரிசு செய்ததே ஜெபக்காதான். பெருமையோடு செய்தாள். சம்பந்தியம்மாவும் மகளிடம், "உங்கத்தை இருக்கறப்ப எனக்கென்ன பயம்?" என்றாள்.

முதல் ஆள் என்றால் முதல் ட்ரே.

சர்க்கரையால்கூடப் புண் ஆறாமல் இருக்கலாம். டாக்டரே அப்படித்தான் சொன்னார். ஜெபக்கா அந்தச் சர்க்கரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். நிற்கவில்லை. நான்கு வாரமாக எந்தப் புண்ணுக்காக அழுதாளோ, அந்தப் புண்ணை அவளே அனுப்பி வைத்திருக்கலாம். யாரும் இல்லாத அறையில், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்காரருக்கு போன் செய்தாள். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஹாரன் சத்தம்.

"என்ன, இன்னைக்கு ஜெபத்துல எனக்கும் ஒரு பங்கு உண்டா?" என்றார். எப்போதும் இப்படித்தான் சீண்டுவார். ஸ்டியரிங் பிடிச்சுக்கிட்டு நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணா பஸ் எங்கம்மா போகும் என்று கேட்டதற்கு, ஒரு காலத்தில் இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். தாள், டிராயர், மௌனசாமி, சம்பந்தி. சொல்லி முடித்த பிறகு ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்." குரலில் சீண்டல் இல்லை. "அந்தப் பையன் எங்க இப்ப?"

"மேலே. எழுதிக் கொடுத்துட்டிருக்கான்."

"அப்ப என்கிட்ட ஏன் சொல்லிட்டிருக்கே? சொல்ல வேண்டிய இடம் மாடியில இருக்கு. ஏறிப் போ."

"என் முகத்துல யார் முழிப்பாங்க இனிமே?"

"நான் முழிக்கறேன். முப்பது வருஷமா அதைத்தானே பண்றேன். போ முதல்ல."

லிஃப்ட்டில் போக வெட்கமாக இருந்தது. லிஃப்ட் இயக்குபவர் காலையில் அவள் ஜெபத்துக்கு ஆமென் சொன்னவர். படியேறினாள்.

மேட்ரன் அறையில் மௌனசாமி நாற்காலி நுனியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். இரண்டு வரிதான் எழுதியிருந்தான். பேச்சைப் போலவே எழுத்தும் அவனுக்கு வராது.

"அவனை எழுதச் சொல்லாதீங்க மேடம்" என்றாள் ஜெபக்கா. "காலி ரவுண்ட் ஓட்ட வேண்டாம்னு சொன்னது நான். அந்தத் தாள் நேத்தைக்கு ஓட்டினது. தேதி போட்டு ஒட்டினதும் நான்தான்."

மேட்ரனுக்கு உடனே பிடிபடவில்லை. ஜெபக்கா யாரையோ காப்பாற்றுகிறாள் என்று நினைத்தார் போலிருக்கிறது. "அக்கா, உங்க நல்ல மனசு எனக்குத் தெரியும், ஆனா..."

"நல்ல மனசு இல்லைங்க. பொய். ஜெபத்துக்கு நேரம் வேணும்னு பண்ணின பொய்."

மேட்ரன் மெதுவாகப் பேனாவைக் கீழே வைத்தார். மௌனசாமியைப் பார்த்து, "நீ ஏன்ப்பா இதைச் சொல்லலை?" என்றார்.

"நான் சொன்னா யார் மேடம் நம்புவாங்க?" என்றான் அவன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னான். ஜெபக்காவுக்கு ஓங்கி அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

"இன்னைக்கு மட்டும்தானா அக்கா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும். மேட்ரனின் கண்ணில்கூட ஆமாம் என்று சொல்லிவிடுங்களேன் என்ற கெஞ்சல் இருந்தது. பாதிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு மீதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ள அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி, செவ்வாய்க்கிழமை டிராயருக்குள் தாளை வைக்கிற இன்னொருத்தி என்று ஒன்பது வாரம் இரண்டு பேராக வாழ்ந்தாயிற்று. அந்த இரண்டு பேரையும் சுமந்துகொண்டு இனிமேல் ஒரு படிகூட ஏற அவளால் முடியாது.

"ஒன்பது புதன்கிழமை" என்றாள்.

மேட்ரன் முகம் வெளுத்துப்போனது. "ஒன்பது நாளும் முதல் கேஸ் யார் யார்னு தியேட்டர்லேருந்து லிஸ்ட் எடுக்கணும். எல்லாரையும் கூப்பிட்டுப் பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே, வாசலைப் பார்த்தார். "வா, உன்னைத்தான் கூப்பிடலாம்னு இருந்தேன்."

வாசலில் மருமகள் நின்றாள். கையில் சின்ன பிளாஸ்டிக் உறையில் நிறம் மாறாத அந்தப் பட்டை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. ஒன்பது என்ற வார்த்தையைக் கேட்டிருக்கிறாள் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது. அவள் உதடு சத்தமில்லாமல் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

லிஸ்ட் வரட்டும், லிஸ்ட்டே சொல்லட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. ஜெபக்கா மருமகளின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அந்த லிஸ்ட்ல உங்கம்மா இருக்காங்க."

மருமகள் எண்ணுவதை நிறுத்தினாள்.

"நான்தான் முதல் ஆளா எடுக்கச் சொன்னேன். அன்னைக்கும் சோதனை ஓட்டலை. சக்கரையாலயும் இருக்கலாம். என்னாலயும் இருக்கலாம். எனக்குத் தெரியலைம்மா."

"என்கிட்ட நேரமில்லையான்னு கேட்டீங்களே அத்தை." குரல் கீழே இறங்கியிருந்தது. "பெத்த மகளுக்கு அரைமணி நேரம் இல்லைன்னு உங்க பிள்ளை முன்னாடி கேட்டீங்களே. மூணு நாளா நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அத்தை சொல்றது சரியா இருக்குமோ, எங்கம்மாவுக்காக நான் போய் முழங்கால்ல நிக்காததாலதான் ஆறலையோன்னு பாத்ரூம்ல போய் அழுதேன்."

ஜெபக்காவுக்குத் தலை கவிழ்ந்தது. "என்னை மன்னிச்சுடும்மா."

"இப்ப முடியாது அத்தை" என்றாள் மருமகள், மரியாதையாகவே. "கேக்காதீங்க. நான் மேல போகணும், வேற ட்ரே வரவழைச்சு அந்தக் கேஸை எடுக்கறாங்க." இரண்டடி நடந்தவள் திரும்பி வந்தாள். "எங்கம்மாவுக்கு நான் சொல்ல மாட்டேன். மேட்ரன் சொல்ற வரைக்கும் அவங்க காத்திருக்கவும் கூடாது. நீங்க சொல்லுங்க. இப்பவே. நான் நிக்கறப்பவே."

மேட்ரன் எழுந்து, மௌனசாமியின் இரண்டு வரிக் காகிதத்தை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, அவனையும் அழைத்துக்கொண்டு வெளியே போனார். போகிறபோது அவன் ஜெபக்காவுக்காகக் கதவைப் பாதி சாத்திவைத்துவிட்டுப் போனான்.

ஜெபக்கா கைபேசியை எடுத்தாள். இரண்டு தடவை தப்பான எண்ணுக்குப் போனது. மருமகள் தன் கைபேசியில் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, மேஜை மேல் வைத்தாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"என்னடி, டியூட்டி நேரத்துல?"

"அம்மா, அத்தை பேசணுமாம்."

"சம்பந்தியா! குடு குடு." அந்தப் பக்கம் குரலில் அவ்வளவு சந்தோஷம். "சம்பந்தி, இன்னைக்குப் புதன்கிழமை, எனக்காக முழங்கால்ல நின்னிருப்பீங்கன்னு இப்பதான் நினைச்சேன். கட்டு மாத்த வந்த நர்ஸ் இன்னும் கசியுதுன்னாங்க. ஆனா எனக்குப் பயமே இல்லை. நீங்க இருக்கீங்களே. ஜெபத்தை மட்டும் விட்டுடாதீங்க, என்ன?"

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். ஜெபக்கா மேஜையின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள்.

"சம்பந்தி, நான் ஜெபத்தைப் பத்திப் பேச வரலை" என்றாள். "என் வேலையைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் போனை வச்சுடாதீங்க."

"சொல்லுங்க சம்பந்தி" என்றது அந்தக் குரல், இன்னும் சிரிப்பு மாறாமல்.